ஆறு கோடுகள்

மார்ச் 2, 2021
நான்கு இணையவழி வகுப்புகள். நாற்காலியை விட்டு எழுந்தது இரண்டே முறை. இருந்தும் மலையேறி வந்தவளைப் போலக் கால் கடுக்கிறது.

மார்ச் 3
சாண்ட்ரா ஹார்ட் நாசாவில் உருவாக்கி, 1988இல் ஸ்டேவ்லண்டுடன் சேர்ந்து வெளியிட்ட பணிச்சுமை அளவுகோலை இன்று பாடமாக நடத்தினார்கள். மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்பாடு, முயற்சி, எரிச்சல். ஆறு கோடுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. இனி ஒவ்வோர் இரவும் எனக்கு நானே குறிக்கப் போகிறேன்.
மன உழைப்பு 85. உடல் உழைப்பு 10. பத்து என்று எழுதும்போதே கழுத்து வலித்தது.

மார்ச் 4
திரையில் என் தோழியின் கட்டம் இன்றும் கறுப்புதான்.

மார்ச் 7
ஸ்டான்போர்டின் ஜெரமி பெய்லன்சன் சென்ற மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். காணொளிச் சந்திப்பு ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்கு நான்கு காரணங்கள் சொல்கிறார். மிக அருகில் உற்றுப் பார்க்கும் முகங்கள், அசையாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைக் காட்டவும் புரிந்துகொள்ளவும் படும் பாடு, நாள் முழுவதும் நம் முகத்தையே பார்ப்பது. மூன்றாவது என்னை உலுக்கிவிட்டது. ஓயாமல் தலையாட்டுகிறேன். கவனிக்கிறேன் என்று காட்டுவதற்கே பாதி மனம் போய்விடுகிறது. கவனிப்பதற்கு மிஞ்சுவது மீதிப் பாதிதான். என் முகத்தை நான் பார்க்காதபடி மறைத்துவிட்டேன். அப்படியும் கண் அந்த மூலைக்கே போகிறது.
அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அவள் கொட்டாவி விட்டால் எனக்கும் வரும். பிப்ரவரி 27க்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவள் கடைசியாக அனுப்பியது: 'களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.' அந்த 'அவ்வளவுதான்' எதற்கு?

மார்ச் 9
எரிச்சல் 95.

மார்ச் 10
ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரே வாக்கியத்தை நான்கு முறை பின்னுக்கு ஓட்டினேன். சொற்கள் கேட்கின்றன, பொருள் வந்து சேரவில்லை. நள்ளிரவுக்குள் கட்டுரை ஒன்று, வினாத்தாள் ஒன்று, விவாதப் பதிவு ஒன்று, மூன்றும் மூன்று தளங்களில். எது எங்கே என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு பாடம் போல இருக்கிறது; அதற்கு மதிப்பெண் யாரும் தருவதில்லை.
ஆறில் செயல்பாடு மட்டும் தலைகீழ்: இடக்கோடி வெற்றி, வலக்கோடி தோல்வி. பேனா வலப்பக்கமே போனது.
மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 11
இன்று கறுப்புக் கட்டமும் இல்லை. பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன். பேராசிரியர் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். கேள்வி என்னவென்றே தெரியவில்லை.

மார்ச் 12, இரவு 12.20
கோடுகளை இன்னும் குறிக்கவில்லை. அவள் அழைக்கிறாள்.