வளவில் கொன்றை

யூலை 6
இரணைமடுக் குளத்துப் பக்கம் போய்வரும் வழியில் சரக்கொன்றை மரத்தடியில் முற்றிய காய்கள் கிடந்தன. நாலைப் பொறுக்கி வந்து சுத்தியலால் தட்டினேன். உள்ளே காசு அடுக்கினது மாதிரித் தட்டுத் தட்டாய் அறைகள், அறைக்கொரு விதை, சுற்றிக் கறுப்பாய் ஒட்டும் சதை. கழுவி எடுக்கவே பொழுதுபட்டது.

யூலை 8
“கொட்டை கல்லு மாதிரி, பிள்ளை. ஒரு பக்கம் உரஞ்சிவிடு, தண்ணி உள்ள போகோணும்” என்றார் முன்வீட்டு அப்பு. முப்பதைச் சீமெந்துத் தரையில் உரஞ்சினேன். மிச்சம் பத்து விதையை, என்ன ஆகுது என்று பார்க்க, உரஞ்சாமல் விட்டேன். எல்லாவற்றையும் இரவு ஊறவைத்தேன். காலையில் உரஞ்சினவை உப்பிப் பருத்துவிட்டன. மற்றப் பத்தும் போட்டபடியே கிடந்தன.

யூலை 23
விதை போட்ட மண் பைகளில் 19 முளை. எல்லாம் உரஞ்சினவை.

ஒக்டோபர் 30
மழை பிடித்துவிட்டது. ஊரே காலபோக நெல் விதைப்பில் நிற்க, நான் ஐந்து கிடங்கு வெட்டினேன். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், சுவரிலிருந்து 15 அடி தள்ளி. மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பினேன். மிச்சக் கன்றுகள் அயலுக்கு.

2010இல் திரும்பி வந்தபோது இந்த வளவில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கெதியாய் வளரும் என்று செம்மயிற்கொன்றையை வைத்தோம். அது மடகஸ்கார் மரம். நிழல் தந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு கிளை முறிகிறது. இந்த மண்ணிலேயே நின்ற மரம் முற்றத்தில் பூக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, இப்போது என் ஆசையும்.

மார்ச் 16
மழை விட்டு வெகுநாள். முதல் வெயிலைத் தாண்டினால் கொன்றை பிறகு தானாகப் பிழைத்துக்கொள்ளும். அடியில் வைக்கோல் பரப்பி, மூன்று நாளுக்கொருக்கால் ஒரு வாளி தண்ணீர், மெதுவாக. நேற்று ஆடு புகுந்து ஒரு கன்றின் தலையைக் கடித்துவிட்டது. படலையைச் சாத்தாமல் போனது நான்தான். இரவு நித்திரையே வரவில்லை.

மே 4
இலையெல்லாம் பச்சைப் புழு. மருந்தடிக்கச் சொன்னா பக்கத்து அக்கா. அடிக்கவில்லை. அவை இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள், கொன்றை இலைதான் அவற்றுக்குச் சோறு. கன்று திரும்பத் துளிர்க்கும். தெருக்கொன்றை இப்போது சரஞ்சரமாய்ப் பூத்து நிற்கிறது, கருவண்டுகள் விடியவே வந்துவிடுகின்றன. எங்கள் வேலிப் பூவரசிலும் பூ. காலையில் மஞ்சளாய் விரிந்தது பின்னேரம் சிவந்து சுருண்டுவிடுகிறது.

மே 11
ஆடு கடித்த கன்றின் கணுவில் இரண்டு துளிர். அப்புவிடம் கத்தி வாங்கி, காரை முள்ளு வெட்டிச் சுற்றிவர அடைத்தேன்.