உப்பு குட்டி போட்ட கதை

கல்லூரி முதலாண்டில், வேதியியல் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை கேட்கச் சப்பென்று இருந்தது. காப்பர் சல்பேட் என்ற நீல உப்பை (பழைய பெயர் மயில்துத்தம்) 10 கிராம் எடுத்து 50 மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டும். அப்புறம் அதைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். போட்டதை எடுப்பதில் என்ன வித்தை?

பீங்கான் கிண்ணத்தில் கரைசலைச் சுண்டவிட்டு, கண்ணாடிக் கம்பியை அவ்வப்போது முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் ஒட்டிய சொட்டு ஆறும்போதே படிகம் கட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம். சூட்டில் நிறையக் கரைந்திருப்பது, ஆற ஆறத் தங்க இடமில்லாமல் படிகமாக வெளியே வந்துவிடும். (சாதாரண உப்பிடம் இது பலிக்காது. வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ, அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். வற்றவைத்தால்தான் வழிக்கு வரும்.) மெதுவாக ஆறினால் பெரிய படிகம் கிடைக்கும். நான் கிண்ணத்தை ஊதி ஊதி ஆற்றினேன். கிடைத்தது நீல மணல்.

வடிகட்டினால் வடியும் நீரோடு கொஞ்சம் உப்பும் போய்விடுமே என்ற பேராசையில், அப்படியே வழித்து எடை போட்டேன். 11.3 கிராம்!

பேராசிரியர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, உப்பு குட்டி போட்டிருக்கா?"

எல்லாம் ஈரம்தான். வடிதாளில் ஒற்றிக் காற்றில் உலர்த்தச் சொல்லிவிட்டுப் போனார். காற்றை நம்பினால் பொழுது சாய்ந்துவிடும். பர்னரைப் பெரிதாக வைத்தேன். கிண்ணம் படபடவெனத் தெறித்தது. நீலம் வெளிறி, வெளிறி, கடைசியில் வெள்ளைப் பொடி. எடை 6.1 கிராம்.

"சார், நீலம் போயிடுச்சு."

அவர் ஒரு சிட்டிகைப் பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்று சூடாகி, மறுபடி நீலம்! படிகத்துக்குள் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் குடியிருக்குமாம். நான்தான் அத்தனையையும் காலி செய்ய வைத்திருக்கிறேன். "இன்னும் நல்லா எரிச்சிருந்தா கறுப்பு காப்பர் ஆக்சைடுதான் மிஞ்சியிருக்கும்" என்றார்.

250 பங்கு படிகத்தில் 90 பங்கு தண்ணீர். அந்தக் கணக்கில் என் 6.1 கிராம் பொடி, 9.5 கிராம் மயில்துத்தத்துக்குச் சமம். அட, பரவாயில்லையே!

"மிச்சம் அரை கிராம் எங்கே?"

குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கோட்டில் நெஞ்சு முதல் இடுப்பு வரை நீலப் புள்ளிகள்.

"இங்கே இருக்கு சார். கோட்டை அலசிக் காய்ச்சட்டுமா?"

அவர் கதவைக் காட்டினார்.