குடும்பப் படம் எடுக்கப் பழகுறவங்களுக்கு

தோட்டத்து வீட்டுல குடும்பப் படம்னா தென்னை மரத்தடி வேண்டாங்க. ஓலை இடுக்குல விழுற வெயில் முகத்துல திட்டுத் திட்டா நிக்கும், எடிட்டிங்ல போகாது. திண்ணை நிழல் போதும், எல்லாரும் வாசல் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும்.

ரெண்டு வரிசைன்னா லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/200 நொடி, கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவான ஐஎஸ்ஓ 800 வரைக்கும் தாராளமாப் போகலாம். புதுசா 50 எம்எம் லென்ஸ் வாங்குனவங்க எஃப்/1.8-லயே, அதாவது லென்ஸை அகலமாத் திறந்தே எடுக்குறாங்க. அப்படி எடுத்தா முன்னாடி உக்காந்த அப்பாரும் ஆத்தாளும் தெளிவா இருப்பாங்க, பின்னாடி நிக்கிற பேரன் பேத்தி மங்கிடும். ஃபோகஸ் முன்வரிசைக் கண்ணுல வைங்க, வரிசை இடைவெளியைக் குறைங்க.

இடம் பத்தலைன்னு 18 எம்எம் அகலக் கோணத்துக்குப் போனா ஓரத்துல நிக்கிறவங்க இழுபட்டு அகலமாத் தெரிவாங்க.

பத்துப் பேர்ல யாராவது கண்ணை மூடுவாங்க, தொடர்ந்து எட்டுப் படமாவது எடுங்க. பெரியவங்களைக் கடைசியா உக்கார வைங்க, காக்க வெச்சா முகம் சோர்ந்துடும்.