கறுத்த பிளேட்டுக்குத் தேசிக்காயும் உப்பும் வேண்டாம்

பிளெண்டர் பிளேட் கறுத்துவிட்டால் பலர் கையில் எடுப்பது பாதித் தேசிக்காயும் ஒரு பிடி உப்பும். பித்தளைக் குத்துவிளக்குக்கு அந்த வைத்தியம் சரிவரும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பிளேட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அந்த உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படை ஒன்று உண்டாகும். கறள் பிடிக்காமல் காப்பது அந்தப் படைதான். உப்பிலுள்ள குளோரைட்டு அதை ஊசிமுனை அளவில் துளைக்கும். புளிப்பும் கூடவே இருந்தால் துளைத்த இடம் தானாக மூடிக்கொள்ளாது.

இங்கே திருகோணமலைக் கரையில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம்! வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வீசும் கார்த்திகை, மார்கழியில் ஜன்னலோரம் வைத்த கரண்டிகூடப் பிசுபிசுக்கும். ஆனால் காற்றைவிடப் பெரிய எதிரி கட்டைச் சம்பல். உப்பு, தேசிப்புளி, வெங்காயச் சாறு மூன்றும் சேர்ந்த ஒரு பசை. அதை அரைத்துவிட்டு ஜாரை இரவு முழுக்கத் தொட்டியில் போட்டுவைத்தால், விடியும்போது பிளேட்டின் அடியில் கபில நிறப் புள்ளிகள் தெரியும். மாசிக் கருவாடு இடித்த ஜாருக்கும் இதே கதிதான்.

தேய்க்கத் தொடங்கமுன் கறை என்னவென்று பாருங்கள். எல்லாக் கறையும் கறள் அல்ல.

வெள்ளையாக, சுண்ணாம்பு பூசினதுபோல இருந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் கல்சியம். ஒரு சொட்டு வினாகிரி விட்டால் நுரைக்கும். கபிலம் கலந்த கறுப்பாக, விரல் நகத்தால் சுரண்டச் சுரண்ட மெழுகுபோல வந்தால் அது பழைய தேங்காய்ப்பால் எண்ணெய், மிளகாய்த் தூளோடு சேர்ந்து இறுகியது. செம்மஞ்சளாக, தொட்டால் விரலில் தூளாக ஒட்டுவதுதான் உண்மையான கறள்.

இன்னொன்று ஆளை ஏமாற்றும். மஞ்சள் அரைத்த ஜாரில் அப்பச்சோடாப் பசையைப் பூசியதும் சில இடங்கள் திடீரென்று செங்கபிலமாக மாறும். கறள் கிளம்பிவிட்டது என்று பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அது கறள் இல்லை. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு துளி தேசிச்சாறு விட்டுப் பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். கறள் அப்படி நிறம் மாறாது.

ஒரு காந்தத்தையும் பிளேட்டில் வைத்துப் பார்க்கலாம். பலமாக ஒட்டினால் அது கடினப்படுத்திய வகை உருக்கு. கூர் நன்றாக நிற்கும், ஆனால் உப்புக்குச் சீக்கிரம் தோற்கும். ஒட்டாவிட்டால் நிக்கல் கலந்த வகை. அது கறளை நன்றாகத் தாங்கும், கூர்தான் மட்டம். ஒட்டுகிற பிளேட்டை எந்தப் புளிப்பிலும் அதிக நேரம் விடக்கூடாது.

இனி வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ஒன்றரை லீட்டர் ஜாருக்கு அரை லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் 3 சொட்டும் விட்டு, மூடி, பிளக்கைப் போட்டு 20 வினாடி ஓடவிடுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள்: ஆவி மூடியைத் தள்ளும், கண்ணாடி ஜார் வெடிக்கும். பச்சைத் தண்ணீரும் அவ்வளவு உதவாது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். மாரிக்காலக் காலைத் தண்ணீரில் அது கழுவுப்படாமல் பிளேட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பிறகு மீண்டும் பிளக்கைக் கழற்றி, அடி வளையத்தைத் திருகி, பிளேட்டையும் இறப்பர் வளையத்தையும் தனித்தனியே எடுங்கள். மிக்சி ஜாரில் பிளேட் நிலையாகப் பூட்டியிருந்தால் குறட்டால் நெம்ப வேண்டாம், உள்ளே வைத்தே துலக்கலாம். அப்பச்சோடா 3 மேசைக்கரண்டிக்குத் தண்ணீர் 1 மேசைக்கரண்டி விட்டுக் குழைத்து, பிளேட்டில் தடிப்பாகப் பூசி 10 நிமிடம் விடுங்கள். பழைய பற்தூரிகையால் நடுவிலிருந்து கூர்முனை நோக்கித் தேயுங்கள். எதிர்ப்பக்கமாகத் தேய்த்தால் தூரிகையும் போகும், விரலும் போகும். எண்ணெய்க் கறுப்பு இதிலேயே போய்விடும்.

வெள்ளைப் படிவோ கறளோ மிஞ்சியிருந்தால் மட்டும் வினாகிரி. முதலில் சோடாவை முழுதாக அலசிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட, மிஞ்சுவது உதவாத தண்ணீர். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு குவளையில் ஊற்றி, பிளேட் மட்டும் மூழ்கும்படி தலைகீழாக நிறுத்துங்கள். தண்டு சுழலும் பெயரிங் மேலே நிற்க வேண்டும். வினாகிரி அதற்குள் இறங்கினால் மசகு கழன்று, அடுத்த மாதமே கிரீச்சிடத் தொடங்கும். 15 நிமிடம் போதும். கறள் பிடிவாதமாக இருந்தால் தேய்த்துவிட்டு இன்னொரு 15 நிமிடம். இரவு முழுக்க ஊறவைக்கும் யோசனை யார் சொன்னாலும் வேண்டாம்.

கம்பித் தும்பு தொடவே கூடாது. அதன் இரும்புத் துகள்கள் கீறல்களில் தங்கி, இரண்டு நாளில் அவையே கறளாகும். பிளேட் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள், கறள் பிடித்தது தும்பின் மிச்சம். பிளீச்சிலும் குளோரின் இருக்கிறது, ஆகவே அதுவும் விலக்கு. மண்ணெண்ணெய் கறளை இளக்கும் என்பது உண்மை. ஆனால் இறப்பர் வளையத்தை ஊதவைக்கும், வாடையும் சம்பலிலிருந்து லேசில் போகாது. முட்டைக்கோது அரைத்தால் கூராகும் என்பது வெறும் பேச்சு. ஒரு பிடி பச்சரிசி அரைத்தால் ஒட்டிய மிளகாய் எண்ணெயை மாவு உறிஞ்சும்; அதற்கு மட்டும் நல்லது.

தேங்காய் துருவும் மெஷினின் தலை வேறு ரகம். பற்கள் தண்டோடு சேருமிடத்து இடுக்குகளில் தேங்காய்ப்பூ அகப்பட்டுப் புளிக்கும். துருவிய உடனே சுடுநீரில் பிடித்து, பல் பல்லாகத் தூரிகை விட வேண்டும். பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு தெரிந்தால், அது பழைய எண்ணெயின் கொழுப்பமிலம் செம்பைத் தின்பதன் அடையாளம். அந்தப் பச்சை உணவில் சேரக்கூடாது. துடைத்தெடுத்துச் சவர்க்காரத்தில் கழுவிய பிறகே மறுபடி துருவுங்கள். உடம்பு அலுமினியமாக இருந்தால் அப்பச்சோடாவில் ஊறப்போடாதீர்கள், கறுத்துவிடும். பழைய இரும்புத் திருவலைக்கு வினாகிரியைவிட, காயத் துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவிவைப்பதே காவல்.

துலக்கி முடித்ததும் காய்வது முக்கியம். துணியால் ஒற்றி, ஜாரைப் பொருத்தி 2 வினாடி வெறுமனே சுழற்றுங்கள். தண்டோரத்தில் நிற்கும் தண்ணீர் சிதறி வெளியே வரும். பிறகு மூடி போடாமல் விசிறிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் கவிழ்த்து வையுங்கள். கறள் பெரும்பாலும் தொடங்குவது பிளேட்டின் மேலே அல்ல, வாசருக்கு அடியில். அங்கே தண்ணீர் அடைபட்டு நிற்கும், காற்றுப் போகாது, காப்புப் படையும் புதுப்பிக்கப்படாது.

கறள் போன இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் பயமில்லை. குழியில் நகம் தட்டி, இரண்டு நாளில் அதே புள்ளியில் மறுபடி செம்மஞ்சள் வந்தால் அந்தப் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். ஜாரின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்தால் தேய்ந்தது பிளேட் அல்ல, தண்டைத் தாங்கும் புஷ். பட்டினத்தில் உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது மொடல் பெயரை மட்டும் சொன்னால் வேறொன்றைத் தந்துவிடுவார்கள். பழைய பிளேட்டை வளையத்தோடு கையில் கொண்டுபோய், கீழேயுள்ள பல்சில்லின் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.