குளத்தங்கரை மரத்துக்கு மேடை வேண்டாம்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் அக்கா, மரங்களின் குணமாக்கும் சக்தி, தெய்வீகம், அந்த மாதிரி, நீங்கள் நர்ஸ் வேறு, பொருத்தமாக இருக்கும் என்று மலர்க்குழுத் தம்பி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிங்கப்பூரில் இருபத்தாறு வருஷமாக வார்டில் நிற்கிறவள் நான். சக்தி என்றாலே கொஞ்சம் முகம் சுளிக்கிற ஆள். அரசமரம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் விடும் என்று யாராவது செய்தி அனுப்பினால் உடனே அழித்துவிடுவேன். வெளிச்சம் இல்லாமல் எந்த இலையும் ஆக்சிஜன் தயாரிக்காது, ராத்திரியில் அதுவும் நம்மைப் போல மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் போனை வைத்த பிறகு மனம் போய் நின்ற இடம் பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் குளத்தங்கரை. சரி, அதையே எழுதுகிறேன்.

சின்ன செட்டுக்காரர்கள் அந்த அரசையும் வேம்பையும் ஜோடியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டும் பின்னிப் பிணைந்து, எது எதன் கிளை என்று அண்ணாந்து இலையைப் பார்த்தால்தான் தெரியும். அடியில் பிள்ளையார், சுற்றி ஏழெட்டு நாகக்கல், மஞ்சள் பூசிப் பூசி வழுவழுத்துப் போனவை. தாழ்ந்த கிளையில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய துணித் தொட்டில்கள். திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் பெண்கள் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள், நாங்கள் வகுப்பு ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்போம், கணக்கு அவர்களுக்குத் தப்பினாலும் எங்களுக்குத் தப்பாது. முதல் வரியைப் போட்டவுடனே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்க்கிற பையன்களை "அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பாத்தாளாம்" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடிப்பது ஞாபகம் இருக்கிறதா?

அரச இலைக்குக் காம்பு நீளம், நுனி வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும், அதனால் வேறு எந்த மரமும் அசையாத நேரத்திலும் அது மட்டும் ஆடும். சித்திரை வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மழை வருகிற மாதிரியே இருக்கும். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்.

மரத்துக்கும் உடம்புக்கும் முடிச்சுப் போடுவதில் நம் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் குறையாதாம். பிரசவ வார்டில் முதன்முதலாக நஞ்சுக்கொடியைத் தட்டில் வாங்கியபோது அந்த வைக்கோல் பொட்டலம்தான் கண்ணில் வந்தது. இங்கே மலாய்க் குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்கிப் போய்க் கழுவிப் புதைக்கிற வழக்கம் உண்டு, அவர்களிடம் நான் எதுவும் விளக்கம் கேட்டதில்லை. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவோமே, அதைப் பார்த்தால் பால்காரர்கூட வெளியிலேயே நிற்பார். எங்கள் வார்டில் தொற்று நோயாளியின் அறைக்கதவில் மாட்டுகிற அட்டைக்கும் அதே வேலைதான்.

எட்டாம் வகுப்பில் ஒரே நாளில் வைத்தீஸ்வரன் கோயில், சிதம்பரம், பிச்சாவரம் என்று கூட்டிப் போனார்களே, அந்தச் சுற்றுலாவை மறக்க முடியாது. முதல் கோயிலில் தலமரம் வேம்பு, சகல வியாதிக்கும் மருந்து என்று சாந்துருண்டை கொடுத்தார்கள், பக்தியாக முழுங்கினோம். சாயங்காலம் பிச்சாவரத்துக் கால்வாயில் படகு போகும்போது ஒருத்தி கையை நீட்டி ஓரத்து இலையைக் கிள்ளப் போனாள். படகுக்காரர் போட்ட சத்தத்தில் படகே ஆடிற்று. அது தில்லை மரம், இலையை ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம், நடராஜருக்குத் தலமரம், அதுவா இப்படி என்று எங்களுக்கு ஆச்சரியம். சாமி மரம் என்றால் சாதுவான மரம் என்று யார் சொன்னது என்று டீச்சர் கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது.

அடுத்த வருஷம், 1988 ஐப்பசி. சம்பாவுக்கு மடை பார்க்க ராத்திரி போன அப்பாவைப் பாம்பு கடித்தது. திண்ணையில் உட்காரவைத்து ஒரு கொத்து வேப்பிலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்கவில்லை என்றால் ஏறிவிட்டது என்பது ஊர்க் கணக்கு. "கசக்குதா?" என்று பெரியப்பா கேட்டார். "கசக்குது" என்றார் அப்பா. எல்லோருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது, அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் முடிந்துவைத்தார். மந்திரிக்கிறவர் வந்து வேப்பங்கொத்தால் உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் இறக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இமை சொக்கியது, தூக்கம் வருகிறது என்றார். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, இமைதான் முதலில் சரியும், கடைசியில் மூச்சு விடுகிற தசை நின்றுபோகும், நாக்குக் கசப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதையெல்லாம் நான் நர்சிங் படித்தபோது பாடமாகத்தான் தெரிந்துகொண்டேன். கார் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து, ஊரில் நிலம் நீச்சு வைத்திருப்பவர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள். அப்படியே வேப்பெண்ணெயையும் கைக்குழந்தைக்குப் புகட்டாதீர்கள். அதனால் ஈரலும் மூளையும் பாதித்த பிள்ளைகளைப் பற்றி மலேசிய டாக்டர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், அல்லது பார்க்காமல் இருந்தார்கள், இரண்டும் தாங்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் நேரே குளத்தங்கரைதான். அங்கே நெல்லிக்காயும் இலந்தவடையும் விற்கிற ஆயா எதையும் கேட்க மாட்டார், கோணியை ஒரு முழம் நகர்த்தி இடம் விடுவார், அவ்வளவுதான். வீட்டில் வராத தூக்கம் அந்த வேரில் சாய்ந்தால் வந்துவிடும், மணி அடித்ததும் ஆயா தோளைத் தட்டி எழுப்புவார். அரசு இலை முழுக்க உதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் விடுகிற வரைக்கும் தினமும் போனேன். மேலே பாதி நிழல் வேம்பின் நிழல் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ரோஜர் உல்ரிக் என்பவரின் ஆய்வைச் சொன்னார்கள். 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய குறிப்புகளை எடுத்து, ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஜோடி சேர்த்துப் பார்த்திருக்கிறார். மரம் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வலி மருந்தும் முதல் கூட்டத்துக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரே ஆஸ்பத்திரி, கொஞ்சம் பேர், வித்தியாசம் முக்கால் நாள். பிரமாதம் ஒன்றும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவரிடம் போய் முக்கால் நாள் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அதிலிருந்து கட்டில் மாற்ற முடிந்தால் ஜன்னலோரம் கொடுத்துவிடுவேன். எங்கள் வார்டுக்கு வெளியே இருப்பது நம் பள்ளி வாசலில் நின்ற அதே தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரர்கள் அதற்கு 'அஞ்சு மணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் இலை மூடிக்கொள்வதால். பேச முடியாத நோயாளிகள்கூட அந்த நேரத்துக்குத் தலையைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசல் மரம் 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் வேரோடு போயிற்று, வேம்பும் அன்றைக்கே. பொங்கலுக்கு வந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் தோப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "நூத்தி இருபது பிள்ளை போச்சும்மா" என்றார். தென்னம்பிள்ளை என்று முழுசாகக்கூடச் சொல்லவில்லை. மருந்து மாத்திரை எல்லாம் கேட்டுச் சரிபார்க்கப் போனவள், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அரசு மட்டும் ஒரு பக்கக் கிளையோடு நிற்கிறது. சங்கத்தில் பணம் திரட்டி அதைச் சுற்றிக் கிரானைட் மேடையும், நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வேண்டாம். வேம்பு சாய்ந்தபோது அரசின் வேரும் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, மிச்சத்தையும் சிமெண்டால் மூடினால் மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் எப்படி இறங்கும்? என் பங்குப் பணத்தில் முதுகு சாய்கிற மாதிரி இரண்டு பெஞ்சு வாங்கி, அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பெயர் எதுவும் எழுத வேண்டாம். அப்புறம், நெல்லிக்காய் விற்கிறவர் யாராவது வந்து கோணியை விரித்தால் விரட்டக் கூடாது என்று வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.