வள்ளம் இழுக்க ஒரு வண்டி

மே 6, 2025
அப்பாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. கட்டிலில் சாய்ந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வள்ளம் எங்கே நிற்கிறது?"

மே 7
தக்கலையில் ஒரு பொலேரோ பிக்கப். 2018 மாடல், டிஎன் 75. வாழைக்குலை ஏற்றிய வண்டி. பேசிக்கொண்டே பானெட்டில் கையை வைத்தேன், சுட்டது. நான் வருவதற்கு முன்பே வண்டிக்காரர் ஓடவிட்டிருக்கிறார். டீசல் என்ஜினின் குணம் ஆறிக் கிடந்து எழும்போதுதான் தெரியும். "நாளை விடியலில் வருகிறேன் அண்ணே, அதுவரை சாவியைத் தொடாதீர்கள்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மே 8
முதல் சாவியிலேயே எழுந்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, உடனே தெளிந்துவிட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு விடாமல் வந்தால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அதிகமாக ஊற்றுகிறது. இரண்டும் இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், காற்று முட்டித் தள்ளவில்லை. 2,523 சிசி, நான்கு சிலிண்டர், இழுவைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே குனிந்தால் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். விற்கப்போகிற வண்டியின் வயிற்றுக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்?

மே 9
அந்தக் கறுப்புப் பெயின்ட்.

மே 11
பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊரே கூடி வாயாலேயே எனக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது. "டிராக்டர் வாங்கு மக்களே, மணலில் அதுதான் நிற்கும்" என்றார் மாமா. நிற்கும்தான். ஆனி ஆடியில் நம் கரையை அலை எடுத்துக்கொண்டால் வள்ளத்தைச் சின்னமுட்டம் துறைமுகம் வரை ரோட்டில் கொண்டுபோக வேண்டுமே, டிராக்டரில் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். இன்னொருவர் தோஸ்த் என்கிற சின்ன சரக்கு வண்டி போதும் என்றார். ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். மேலே ஏற்றுகிற பாரம் வேறு, பின்னால் கட்டி இழுக்கிற பாரம் வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

எல்லோரும் இழுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கருங்கல் பக்கத்து இறக்கத்தில் வள்ளம், வலை, மண்ணெண்ணெய் கேன், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து முதுகில் தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. இழுக்கிற வண்டி கனமாக இல்லாவிட்டால் வள்ளம் வண்டியை ஓட்டும். இதில் அவுட்போர்டு என்ஜின் அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், இல்லை, பின்னால் தொங்குகிறது. பாரம் பின்னுக்கு ஒதுங்கினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கிவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். அதற்கு வள்ளத்தை முன்னுக்குத் தள்ளி ஏற்றவேண்டும். அப்பா இருந்தால் கண்ணாலேயே அளந்து சொல்லியிருப்பார். இருந்தால் என்று எழுதிவிட்டேன். இருக்கிறார். உள் அறையில்தான் இருக்கிறார்.

மே 14
மார்த்தாண்டத்தில் 2021 மாடல் ஒன்று, பிஎஸ்-6 என்கிற புதிய புகை விதிப்படி செய்தது. ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் அதன் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். கரைக்கும் முட்டம் துறைமுகத்துக்கும் நடுவே ஊர்கிற எனக்கு அது எங்கே எரியப்போகிறது? 2020 மார்ச்சுக்கு முந்தைய பிஎஸ்-4 போதும்.

மே 15
அப்பா கஞ்சி குடித்தார். முழுக் கிண்ணம்.

மே 19
நெய்யாற்றின்கரை. கேஎல் 20. விலையைக் கேட்டதும் ஆசை வந்தது. என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டினாலும் லாபம்தான் என்று மனம் கணக்குப் போட்டது. மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகச் சேசிஸில் சொட்டியிருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. இழுவை முழுக்க வந்து நிற்கிற இடம் அது. துரு ஏடு ஏடாக உரிந்து என் சட்டைக் கைக்குள் விழுந்தது. வீட்டுக்கு வந்து குளித்தும் கழுத்தில் உறுத்தல்.

மே 22
திங்கள்சந்தை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் தக்கலை. சுத்தியலால் சேசிஸை நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனார். எங்கும் ஓசை செத்துப்போகவில்லை. ஒரு இடத்தில் பெயின்டைச் சுரண்டினார். மேல்துருதான், குழி விழவில்லை. பெயின்ட் வெறும் அலங்காரமாம்! இத்தனை நாள் தூக்கம் கெட்டது அதற்கா.

பின் டயர்களில் 1519 என்று இருக்கிறது, அதாவது 2019இன் 15ஆம் வாரம். மாற்றத்தான் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் காலை எடுத்தால் பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம் மெல்ல முனகுகிறது. வண்டிக்காரர் 5.10 லட்சம் சொல்கிறார், 4.60 கேட்டேன். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், வங்கிக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. "கட்டி முடித்துவிட்டேன் தம்பி, தாள் மட்டும்தான் வரவேண்டும்" என்கிறார். வரட்டும். கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் வராமல் ஒரு ரூபாய் இல்லை.

மே 24
கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையாம். கச்சான் என்கிற மேல்காற்று கூரை ஓட்டைப் பிடுங்குகிறது. வள்ளத்தை ஆட்களை வைத்துத் தென்னை மரத்தடி வரை ஏற்றினோம். அப்பாவிடம் சொன்னேன். "கயிறு?" என்றார். இரட்டைக் கயிறு என்றேன்.

மே 26
மதினி வளையலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். எடுத்துப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்கிற தைரியமும் இல்லை.

மே 29
கொச்சிக்கு அப்பால் கப்பல் மூழ்கியதல்லவா, அதிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் நம் மாவட்டத்துக் கரைக்கும் வந்துவிட்டன. மீனை வாங்குவார்களா என்பதுதான் எங்கும் பேச்சு. இந்த நேரத்தில் வண்டியா என்கிறாள் அம்மா. அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

மே 30
இரவு முழுக்க டிரெய்லர் சக்கரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடிச் சூடான சக்கரத்தை உடனே கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு பேரிங் போயிற்று. ஆறவிட்டுத்தான் இறக்கவேண்டும். கரையில் யார் காத்திருப்பார்கள்? டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். கொக்கியை பம்பரில் வெல்டிங் வைக்க விடக்கூடாது, சேசிஸில் தகடு கொடுத்து போல்ட் போடவேண்டும்.

ஜூன் 2
தக்கலை வண்டிக்காரருக்குத் தாள் வந்துவிட்டதாம். 4.75க்கு இறங்கிவிட்டார். திருவட்டாற்றிலிருந்து வேறு ஆள் கேட்கிறான் என்கிறார். எல்லா விற்பனையிலும் அப்படி ஒரு ஆள் இருக்கிறான். நாளை முன்பணம்.

ஜூன் 3
விடியலில் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மறுபடியும் ஆசாரிப்பள்ளம். வண்டிக்காரர் அழைத்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.