முதல் மெட்டை எங்கே கட்டுவது?

நேற்று இரவு என் லூட்டின் (கிட்டார் போன்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) முதல் மெட்டை நான்காவது முறையாக நகர்த்தினேன். லூட்டில் மெட்டு என்பது கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய நரம்பு. விரலால் தள்ளினால் நகரும்.

சிக்கல் இரண்டே சுரங்களில் இருக்கிறது. என் லூட்டில் மூன்றாம் தந்தி ஏ, நான்காம் தந்தி எஃப். முதல் மெட்டில் மூன்றாவது பி ஃபிளாட் ஆகிறது, நான்காவது எஃப் ஷார்ப் ஆகிறது. இரண்டும் திறந்த டி தந்தியோடு மேஜர் தேர்டு சேர வேண்டியவை, அதாவது ச–அந்தர காந்தார உறவு. அது தூய்மையாக ஒலிக்க 386 சென்ட் (சுர இடைவெளியின் அளவு; ஒரு ஸ்தாயிக்கு 1200) வேண்டும். மேஜர் தேர்டைத் தூய்மையாக வைக்கும் பழைய சுருதி முறையான கால் கோமா மீன்டோனில், 60 செ.மீ. தந்தியில், பி ஃபிளாட் மெட்டைத் தந்தியின் பிருடை முனையிலிருந்து 39 மி.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறது. எஃப் ஷார்ப்புக்கோ 26 மி.மீ. போதும். ஒரே மெட்டு, 13 மி.மீ. வழக்கு! சாய்த்துக் கட்டியும் பார்த்தேன். அடுத்தடுத்த தந்திகள் என்பதால் இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடைக்கவில்லை.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் சொன்ன வழி எளிது: தந்தியில் 18இல் ஒரு பங்கு, எனக்கு 33 மி.மீ. இரண்டு சுரமும் சமமாகக் கெடும். மேஜர் தேர்டு ஏறத்தாழ 14 சென்ட் அகன்று, விம்மல் (சுரங்கள் சரியாகச் சேராதபோது ஒலி ஏறி இறங்கும் அதிர்வு) படபடவென்று கேட்கும். அவர் காலத்திலேயே சிலர் கூடுதலாக ஒரு குட்டி மெட்டை ஒட்டிக்கொண்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, விரல் தடுக்குகிறது.

எனக்கு உகந்தவர் விஹுவேலா (கிட்டார் வடிவிலான பழைய ஸ்பானிய வாத்தியம்) கலைஞர் லூயிஸ் மிலான். 1536இல் அவர், சில உருப்படிகளுக்கு நான்காம் மெட்டைச் சற்று நகர்த்தச் சொல்கிறார். உருப்படிக்கு ஏற்ப மெட்டு. இது எவ்வளவு நியாயமான யோசனை!

நான் வாசிக்கும் உருப்படி டி கார்டில் முடிகிறது. ஆகவே எஃப் ஷார்ப்புக்கே முன்னுரிமை. கால் கோமாவுக்கும் கலிலேயின் வழிக்கும் இடைப்பட்ட ஆறிலொரு கோமா மீன்டோன் அளவில், பிருடைப் பக்கமாக 30 மி.மீ. இடத்துக்கு மெட்டைத் தள்ளினேன். கடைசிக் கார்டை மீட்டியபோது விம்மல் நிதானப்பட்டு, ஒலி வெகுநேரம் அமைதியாக நின்றது. நடுவில் ஒரே இடத்தில் வரும் பி ஃபிளாட்டை முதல் மெட்டில் எடுப்பதை விட்டுவிட்டு, நான்காம் தந்தியின் ஐந்தாம் மெட்டில் எடுக்கிறேன். சுண்டுவிரல் இன்னும் பழகவில்லை. அந்த இடத்தை மட்டும் இன்று காலையில் முப்பது முறை வாசித்தேன்.